காணாமல் ஆக்கப்பட்ட கணவனின் பாத்தி: நம் நடைமுறைகளை யார் வரைவது, எதில் வரைவது?

2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், வடக்கின் நான்கு மாவட்டங்களில் சுமார் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும், வராவிட்டால் அவை அரச காணிகளாகப் பிரகடனம் செய்யப்படலாம் என்பதே அதன் சாரம். அதில் பெரும்பங்கு, மூவாயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேல், யாழ்ப்பாண மாவட்டத்துக்குரியது. எதிர்ப்புக் கிளம்பியது, வழக்குப் போனது. யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானியை மீளப்பெறுவதாக அரசாங்கமும் அறிவித்தது.

அந்த வர்த்தமானியின் அரசியலைப் பற்றி அப்போது நிறைய எழுதப்பட்டது. அதற்குள் இருந்த இன்னொரு விடயத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அது ஒரு நடைமுறை வரைபடம். தொடக்கத்தில் ஒரு வட்டம், பிறகு மூன்று மாதக் கடிகாரம், அதிலிருந்து இரண்டு அம்புகள். உரிமை கோரினால் விசாரணை, கோராவிட்டால் அரசுக்கு. யாரும் எதுவும் செய்யாதபோது காணி தானாகவே எந்த அம்பின் வழியே போகும் என்பதில்தான் முழு விடயமும் தங்கியிருந்தது. மண்டபம் முகாமில் இருப்பவருக்கும், ரொறன்ரோவில் இருப்பவருக்கும், உறுதியை முள்ளிவாய்க்காலில் தொலைத்துவிட்டு வந்தவருக்கும் அந்தப் படத்தில் இடமே இருக்கவில்லை. அதை ஒரு தாளில் கீறி ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முன் விரித்திருந்தால் பத்து நிமிடத்தில் பிழை தெரிந்திருக்கும்.

இப்போது அரசாங்கம் எல்லாவற்றையும் டிஜிட்டல் மயமாக்கப் போவதாகச் சொல்கிறது. 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் டிஜிட்டல் பொருளாதார அமைச்சை ஜனாதிபதியே தன் வசம் வைத்துக்கொண்டார். பாதுகாப்பு அமைச்சும் அவரிடமே என்பது ஓர் இடைக்குறிப்பு. 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான கவ்பே தொடங்கி வைக்கப்பட்டது. இந்திய உதவியுடனான டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் நடக்கிறது. ஒரு சேவையைக் கணினிக்குள் கொண்டுபோக முன்னர், அது இப்போது எப்படி நடக்கிறது என்று யாரோ ஒருவர் படமாக வரைகிறார். அந்தப் படத்தில் இல்லாத ஆள் பிறகு கணினித் திரையிலும் இருக்கமாட்டார். ஆகவே அந்தப் படம் எந்தக் குறியீட்டில், எந்த மென்பொருளில், எந்த மொழியில் வரையப்படுகிறது என்பது கணினிக்காரரின் தலையிடி மட்டும்தான் என்று விட்டுவிட முடியாது.

படம் வரையும் முறை புதிதல்ல. 1921இல் அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத்தும் அவருடைய மனைவி லிலியனும் வேலையின் படிகளைச் சின்னங்களால் காட்டும் முறையை இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு மாறிக் குழம்பிய பிறகு பீபிஎம்என் என்ற பொதுக் குறியீடு உருவானது. அதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளிவந்தது, 2013இல் சர்வதேச ஐஎஸ்ஓ நியமமாகவும் ஏற்கப்பட்டது. வட்டம் என்றால் தொடக்கமோ முடிவோ. வட்டமான மூலைகளுள்ள பெட்டி என்றால் வேலை. சாய்சதுரம் என்றால் வழி பிரியும் இடம்.

எங்கள் தோட்டக்காரருக்கு இதை விளக்குவது மிக எளிது. ஆங்கிலத்தில் நீச்சல் தடம் என்ற பொருளில் அழைக்கப்படுவதை நாங்கள் பாத்தி என்போம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பாத்தி. அம்பு என்பது வாய்க்கால், சாய்சதுரம் என்பது மடை. தண்ணீர் ஒரு பாத்தியில் நின்றுவிட்டால் மற்றப் பாத்தி காயும். வெங்காயத்துக்கு இறைத்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி நம்மவர் ஒருவருடைய நடைமுறையை வரைந்து பார்ப்போம். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வடமராட்சியில் ஒரு பெண். கணவர் 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தவர், பிறகு தகவலில்லை. அவருக்குச் சீதனமாக வந்த இரண்டு பரப்புக் காணி இருக்கிறது. மகளின் படிப்புக்காக அதை விற்க வேண்டும்.

அவர் நொத்தாரிசிடம் போகிறார். நொத்தாரிசு கேட்கும் முதல் கேள்வி, கணவரின் சம்மதம் எங்கே என்பது. யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. அவருடைய கணவருக்கு அப்படியொரு தடை இல்லை. இந்த ஒருபக்க வாய்க்காலை நூறு வருடத்துக்கு மேலாக யாரும் மூடவில்லை என்பதை இங்கு சொல்லாமல் நகர முடியவில்லை.

இப்போது படத்தைக் கவனியுங்கள். மனைவிக்கு ஒரு பாத்தி, நொத்தாரிசுக்கு ஒரு பாத்தி, கணவருக்கு ஒரு பாத்தி. கணவரின் பாத்திக்குள் ஓர் அம்பு போகிறது. அங்கிருந்து எதுவும் திரும்பி வருவதில்லை.

மடை மாற வேண்டும். சட்டம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, அதே கட்டளைச் சட்டத்தின்படி, கணவரின் இருப்பிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து அவருடைய சம்மதத்துக்குப் பதிலான கட்டளையைப் பெறுவது. சட்டத்தரணி, செலவு, தவணை என்று நீளும் பாத்தி அது. மற்றது, 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுப்பது. எடுத்துவிட்டால் அவர் விதவை. சம்மதம் கேட்க ஆளில்லை, காணியை விற்கலாம்.

2016இல் அதே சட்டத்துக்கு 16ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. மரணம் என்று ஒப்புக்கொள்ளாமல் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற அது வழி செய்தது. நலன்புரி உதவிகளைப் பெறவும், காணாமல் ஆக்கப்பட்டவரின் அலுவல்களைப் பார்க்கவும், அவர் இல்லை என்பதை எங்கேனும் காட்டவும் அது கைகொடுக்கும். ஆனால் நம் பெண் நீதிமன்ற வாசலை மிதிக்காமல் காணியை விற்பதற்குப் படத்தில் ஆகக் குறுகிய வழி எது? மரணச் சான்றிதழ் வழிதான். அரச அதிகாரி எவரும் அவரிடம் போய் உன் கணவன் செத்துவிட்டான் என்று ஒப்பமிடு என்று வற்புறுத்தத் தேவையில்லை. வாய்க்காலின் சரிவே தண்ணீரை அந்தப் பக்கம் கொண்டுபோகிறது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தின் சாரமும் இதுவேதான். 2019 ஆகஸ்டில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் கிளை திறந்தபோது உறவினர்கள் எதிர்த்து நின்றதற்கும், 2022இல் அமைச்சரவை ஒருமுறைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா என்று தீர்மானித்தபோது அதை மறுத்ததற்கும் காரணம் இதுதான். எல்லா அம்புகளும் முடிவு வட்டத்தை நோக்கியே போகின்றன, உண்மையை நோக்கிப் போகும் அம்பு ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் எந்த மென்பொருளும் இல்லாமல் கண்டுகொண்டார்கள். கொழும்பில் கூடும் குழுக்களுக்கு அதை ஒரு தாளில் காட்டுவதற்குத்தான் கருவி தேவைப்படுகிறது.

எந்தக் கருவி? இங்கு பிரதேச செயலகங்களிலும் அரசசார்பற்ற நிறுவனங்களிலும் படம் என்றதும் நினைவுக்கு வருவது மைக்ரோசொப்ட் விசியோ. 1992இல் வெளிவந்து, 2000ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் வாங்கிய பழைய மென்பொருள். அழகாக வரையும். ஆனால் வேர்ட், எக்செல்லுடன் முழுமையான விசியோ சேர்ந்து வருவதில்லை, தனியாகப் பணம் கட்ட வேண்டும். கணினியில் நிறுவும் பதிப்புக்கு ஓர் ஆளுக்கு மாதம் 15 டொலர் என்பது பல வருடங்களாக இருந்த விலை. 2022 மார்ச்சில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்தில் 360 வரை ஏறியதைக் கண்ட நமக்கு, டொலரில் மாதச் சந்தா என்பது எப்போது வேண்டுமானாலும் கழுத்தை இறுக்கும் கயிறு. நிதி தந்த திட்டம் முடிந்ததும் சந்தா நின்றுபோகும். படங்கள் விசியோவின் கோப்பு வடிவத்திலேயே கிடக்கும். கள்ளப் பிரதியில் வேலை செய்யலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நீதிமன்றத்துக்கோ ஐ.நா.வுக்கோ போகப்போகும் ஆவணத்தைக் களவெடுத்த மென்பொருளில் செய்யாதீர்கள். வைரஸ் ஒரு பக்கம், மானம் இன்னொரு பக்கம்.

லூசிட்சார்ட் போன்றவை உலாவியிலேயே இயங்குபவை. ஒரே படத்தில் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் லண்டனில் ஒருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். புலம்பெயர் அமைப்புகளுக்கு இது வசதி. இலவசக் கணக்கில் மூன்று படங்கள் மட்டுமே, ஒவ்வொன்றிலும் அறுபது உருவங்கள் என்ற எல்லை உண்டு. மேலே சொன்ன பெண்ணின் படமே அறுபதைத் தாண்டிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், படம் முழுவதும் வெளிநாட்டுச் சேவர் ஒன்றில், ஒரு மின்னஞ்சல் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது. எந்த முகாம் வாசலில் யார் யாரைக் கண்டார், எந்தச் சாட்சி எந்த அலுவலகத்துக்குப் போனார் என்பவற்றை ஒரு படம் சொல்லுமானால், அது வெறும் படம் அல்ல. புலனாய்வாளர் வீட்டுக்கு வந்து போகும் ஊரில் கைத்தொலைபேசியில் நுழைந்த நிலையில் கிடக்கும் ஒரு கணக்கு போதும்.

பணமும் பாதுகாப்பும் ஒருங்கே பார்த்தால் ட்ரோ ஐஓ முன்னுக்கு நிற்கிறது. இலவசம், மூலநிரல் திறந்தது. இணையம் இல்லாமலே மடிக்கணினியில் இயங்கும் பதிப்பு உண்டு. கணக்குத் திறக்கத் தேவையில்லை. கோப்பை எங்கே வைப்பது என்று அதுவே கேட்கும், யூஎஸ்பியில் என்றால் யூஎஸ்பியில். பட்டியல்களைத் தமிழில் மாற்றிக்கொள்ளவும் முடியும், மொழிபெயர்ப்பு ஆங்காங்கே இடறினாலும். குறைபாடு என்னவென்றால் அது வரைபலகை மட்டுமே. பாத்தியையும் மடையையும் அழகாகக் கீறித் தரும், ஆனால் நீங்கள் முட்டாள்தனமாக ஓர் அம்பை அந்தரத்தில் விட்டால் வாய் திறக்காது. லிப்ரே ஒபிஸ் ட்ரோவும் அதே ரகம். ஏற்கெனவே லிப்ரே ஒபிஸ் இருப்பவர்களுக்கு ஒரு பக்கப் படத்துக்கு அது போதும்.

வாய் திறப்பது கமுண்டா மொடலர். பேர்லின் நிறுவனம் ஒன்றின் இலவச மென்பொருள். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்கு வேண்டாம், கோப்பு உங்கள் கணினியிலேயே. அது பீபிஎம்என் குறியீட்டின் விதிகளை அறியும். ட்ரோ ஐஓவில் பாத்தி என்பது ஒரு நீள்சதுரம், அவ்வளவுதான். கமுண்டாவில் அது ஒரு பங்குதாரர். ஒரு பங்குதாரரின் வேலை ஓட்டத்தை இன்னொரு பங்குதாரருக்குள் நேராக இழுக்க விடாது, செய்தி அம்பாகத்தான் அனுப்ப விடும். அதாவது, நொத்தாரிசு கணவருக்குள் புகுந்து வேலை செய்ய முடியாது. அவர் கேட்கலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம். இதே குழுவினரின் துணைச் செருகி ஒன்று படத்துக்குள் ஒரு சின்னப் புள்ளியை ஓடவிட்டுக் காட்டும். மனைவியின் பாத்தியில் தொடங்கும் புள்ளி நொத்தாரிசிடம் போய், கணவரின் பதிலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் நின்றுவிடும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அசையாது. ஒரு பக்க விளக்கக் கட்டுரை செய்யாததை அந்த அசையாத புள்ளி செய்யும்.

பீபிஎம்என்னில் இன்னொரு சங்கதி, மூடிய பாத்தி. உள்ளே என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாத பங்குதாரரை வெறும் பெட்டியாக, உள்ளே எதுவும் கீறாமல் காட்டலாம். குறியீடு அதை அனுமதிக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர் ஒருவர் தன் காணியைக் கேட்கும் நடைமுறையைக் கீறிப் பாருங்கள். கிராம அலுவலர், பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம் (நம் வாயில் இன்றும் கச்சேரி) எல்லாவற்றுக்கும் உள்ளே பெட்டிகளை வரையலாம். பலாலிப் படைத் தலைமையகத்துக்கு வந்ததும் மூடிய பாத்திதான். விண்ணப்பம் உள்ளே போகும். சில வேளை ஏதோ வெளியே வரும். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் 54 ஏக்கரும் வந்ததுபோல, 2025 ஏப்ரலில் பலாலி–வசாவிளான் வீதி பகலில் மட்டும் நிபந்தனைகளோடு திறந்ததுபோல. எந்த அளவுகோலில் எந்த மடை திறந்தது என்பது வெளியே தெரியாது.

பிசாகி மொடலரையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். விண்டோஸுக்கு மட்டுமானது, கணக்குப் பதிய வேண்டும். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் நேரமும் செலவும் கொடுத்து, முழு நடைமுறைக்கும் எத்தனை நாள், எவ்வளவு ரூபா என்று கணக்குப் போட்டுக் காட்டும். ஒரு கையொப்பத்துக்காக நெடுந்தீவிலிருந்து படகும் பேருந்தும் ஏறி வருபவரின் செலவை நிரூபிக்க வேண்டியவர்களுக்கு அது பிரயோசனம்.

தமிழ் எழுத்துத்தான் எல்லாவற்றிலும் எல்லாரையும் படுத்தும் பாடு. இங்குள்ள பல அலுவலகங்கள் இன்றும் பாமினியில் தட்டெழுதுகின்றன. பாமினியில் எழுதிய பெட்டியை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும், ஒவ்வொரு குற்றுக்கும் ஓர் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டும். கொழும்பில் அதை வாங்குபவர் ஆங்கிலத்தில் அனுப்பு என்பார். பிறகு ஆங்கிலப் படமே மூலப் படமாகிவிடும், தமிழ் அதன் அரைகுறை மொழிபெயர்ப்பாகிவிடும். ஆகவே முதல் பெட்டியிலிருந்தே யூனிகோட்டில் எழுதுங்கள். ட்ரோ ஐஓவிலிருந்து எஸ்விஜி வடிவில் எடுத்து வேர்டில் ஒட்டினால் தமிழ் காணாமற்போகலாம், பிடிஎப் அல்லது பிஎன்ஜியாக எடுத்தால் தங்கும். பெட்டிக்குள் தமிழ் அடங்காது என்பதும் உண்மை, நம் சொற்கள் நீளம். கிராம அலுவலரை கி.அ. என்று சுருக்கும் முன் படத்தின் அடியில் விளக்கம் எழுதி விடுங்கள்.

என் தெரிவைக் கேட்டால், மூன்று பேர் உள்ள சிறு அமைப்புக்கு இரண்டு மென்பொருள் போதும். மக்களோடு இருந்து வரையும்போது ட்ரோ ஐஓ, அதுவும் தாளில் பென்சிலால் கீறிய பிறகு. அரசுக்கோ நீதிமன்றத்துக்கோ கொடுக்கும் இறுதிப் படத்துக்குக் கமுண்டா. ஏனென்றால் அதன் கோப்பு ஐஎஸ்ஓ நியமத்தில் இருக்கும். அந்த நியமத்தை ஒழுங்காகப் பின்பற்றும் வேறொரு மென்பொருளிலும் திறக்கலாம். உங்கள் மென்பொருளில் எங்களால் திறக்க முடியவில்லை என்று டிஜிட்டல் அமைச்சு சொல்ல இடமிருக்காது. விசியோவை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் எறியத் தேவையில்லை, படத்தைப் பிடிஎப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் சரி.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் விளையாட்டு, ஏழைத் தாய்க்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்தின் வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அதுவே தேசவழமை. எழுதியதை அப்படியே சட்டமாக்கவில்லை. தமிழில் மொழிபெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்துச் சரி பார்க்கச் சொன்னார்கள். பன்னிருவரும் ஆண்கள், பன்னிருவரும் மேட்டுக்குடியினர். கணவரின் சம்மதம் என்ற மடையைக் கண்டு அவர்களில் ஒருவருக்கும் முகம் சுளித்திருக்காது. அப்படியிருந்தும், வரைந்ததை உள்ளூராரிடம் காட்ட வேண்டும் என்ற அளவுக்காவது ஒல்லாந்தருக்குத் தோன்றியது. இன்று டிஜிட்டல் மயமாகும் சேவைகளின் நடைமுறைப் படத்தை யாழ் மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளில் ஒன்றிலாவது விரித்துக் காட்டி, இதில் உங்கள் பாத்தி எது என்று எந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார்கள்?

கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காணாமற்போனமைச் சான்றிதழுக்கான விண்ணப்பம் எந்தெந்த மேசைகளைக் கடக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள், எங்கே நிராகரிக்கப்படலாம் என்பதற்கான உள்ளகச் சுற்றறிக்கைகளைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம் எழுத்தில் கோரலாம், தமிழிலேயே. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. அந்தக் கடிதத்தை அனுப்பிய நாளையும் படத்தில் ஒரு கடிகாரச் சின்னமாகப் போட்டு வையுங்கள்.

பதில் வரும்போது படத்தைத் திருத்துங்கள். மனைவியின் பாத்தியும் நொத்தாரிசின் பாத்தியும் நீதிமன்றத்தின் பாத்தியும் மாறக்கூடும். கணவருக்கான பாத்தியை அழிக்கச் சொல்வார்கள், அதில் எதுவும் இல்லையே, இடம் வீண் என்று. அழிக்க வேண்டாம். அவருடைய பெயரையும், சரணடைந்த இடத்தையும், திகதியையும் அதன் தலையில் எழுதி, அந்தப் பாத்தியை இராணுவத்தின் மூடிய பாத்தியோடு ஓர் அம்பால் இணையுங்கள்.